நாலு விரல் இறங்கும் கண்ணாடி

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் தம்பி, அதற்கு ஒரு கால் குட்டை. இப்படி பெஞ்சுக்கு வாருங்கள். சிக்கந்தர் பாய் என் காரை முடித்துவிட்டுத்தான் உங்கள் காரைத் தொடுவார். ஒரு மணி நேரமாவது ஆகும். இந்தக் கடையின் வேகம் எனக்குத் தெரியும். நான் வருவது இது ஐந்தாவது தடவை.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள்? ஸ்பீக்கர் மாற்றவா? உங்கள் காரும் பழசுதான் போலிருக்கிறது. முன் கதவிலா, பின்னாலா? முன் கதவா. சரி. அப்படியானால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. சத்தம் அருமையாக இருக்கும். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அதோ, கதவைத் திறந்து போட்டிருக்கிறாரே, அதுதான் என் கார். தொண்ணூற்றெட்டாம் வருடத்து வண்டி. ஏ.சி. கிடையாது. கண்ணாடியைக் கைப்பிடியால் சுற்றி இறக்க வேண்டும். ஆனால் என்ஜின் இன்றைக்கும் தையல் மெஷின் மாதிரி ஓடும். குறை என்று பார்த்தால் பாட்டு ஒன்றுதான். பழைய ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. அதில் யார் பாடினாலும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும்.

மற்றவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் துறையில் இருந்தவன். பழுது பார்க்கும் பிரிவு. லைனில் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தால் போதும், தண்ணீர் இறங்கியிருக்கிறதா, கம்பி உரசுகிறதா, வீட்டுக்குள் இருக்கும் கருவியே கெட்டுவிட்டதா என்று ரிசீவரைக் காதில் வைத்தபடியே சொல்லிவிடுவேன். வேலாயுதத்துக்குக் காதில்தான் கண் என்று ஆபீசில் சொல்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்கு இது வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

என் மகள் மதிவதனியைப் போடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஒரே பெண். மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ் ஏலக்காய் வியாபாரம். நல்ல குடும்பம். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நானும் என் மனைவி இந்திராணியும் இந்தக் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, அப்புறம் போடி. இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரமும் இந்திராணி பேசுவாள். போகும்போதும் அதே பேச்சு, வரும்போதும் அதே பேச்சு.

என்ன பேச்சு என்றால், மாப்பிள்ளை மதியிடம் பேசுவதில்லை என்பது. அவள் மருந்தாளுநர் படிப்புப் படித்தவள். பக்கத்தில் ஒரு மெடிக்கல் கடையில் வேலைக்குப் போகட்டுமா என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நிறுத்தியவர், எட்டு மாதமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவள் எதிரிலேயே நிற்பாளாம். இவர் அம்மாவைப் பார்த்து, "அவளைச் சோறு போடச் சொல்லு" என்பாராம். அந்த அம்மாவும் இரண்டு அடி தள்ளி நிற்கும் மருமகளைப் பார்த்து, "சோறு போடணுமாம்" என்பாளாம். இவ்வளவுதான் விஷயம்.

நான் இந்திராணியிடம் முறையாகத்தான் கேட்டேன். அடிக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. பணம் கேட்கிறார்களா? இல்லை. பேசவில்லை, அவ்வளவுதானே. ஊரில் புருஷன் ஓயாமல் பேசுகிறான் என்று எத்தனை பெண்கள் அழுகிறார்கள் தெரியுமா என்றேன். அதற்கு அவள் ஆண்டிபட்டி வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை.

நான் ஒன்றும் கண்டுகொள்ளாமல் இருந்தவன் இல்லை தம்பி. புகார் வந்தால் லைனின் இரண்டு முனையிலும் சோதிக்க வேண்டும், அது எங்கள் வழக்கம். நான் இரண்டு முனையிலும் சோதித்தேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். இருக்கிறது மாமா என்றார். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே மதியையும் கேட்டேன், சந்தோஷமாக இருக்கிறாயாம்மா என்று. இருக்கிறேன் அப்பா என்றாள். இதற்கு மேல் ஒரு அப்பன் எப்படிக் கேட்பது? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு முனையிலும் பழுது இல்லை. அப்புறமும் புகார் வருகிறது என்றால், எங்கள் கணக்கில், பழுது புகார் கொடுப்பவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். இதை நான் இந்திராணியிடம் சொல்லவில்லை. வேண்டாத சண்டை எதற்கு? அவள் ஆரம்பித்தால் பாட்டின் குமிழைக் கொஞ்சம் திருகுவேன். கொஞ்சம்தான். அவளும் குரலைக் கொஞ்சம் ஏற்றுவாள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதற்குமேல் தாங்காது, கரகரக்கும். பாட்டும் போய், பேச்சும் போய், இரண்டரை மணி நேரம் வெறும் கரகரப்பு. அப்போதுதான் முடிவு செய்தேன், ஸ்பீக்கரை மாற்றிவிடுவதென்று.

இங்கே வந்தேன். பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து எடுத்தேன், ஆறரை அங்குலம். பின்பக்கம் தடித்த காந்தம். கையில் வாங்கினால் ஒரு படி அரிசி கனம். அதைப் பார்த்ததும் சிக்கந்தர் பாய் தலையை ஆட்டினார்.

"சார், உங்க கதவு ஒல்லிக் கதவு. இந்தக் காந்தம் உள்ளே போனா, கண்ணாடி இறங்குற வழியில உட்கார்ந்துக்கும். கண்ணாடி வந்து இதுல இடிச்சு நின்னுரும். பின் சீட்டுக்குப் பின்னால பலகை அடிச்சு வச்சுத் தர்றேன், கேளுங்க."

நான் கேட்கவில்லை. பாடுகிறவர் எதிரில் நின்று பாட வேண்டும், முதுகுக்குப் பின்னால் நின்று பாடினால் அது பாட்டா? எவ்வளவு இறங்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் கையை நீட்டி நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். நாலு விரல் போதும், காற்று வரும், மழை வராது என்றேன். "சார், இது காரா, கச்சேரி மேடையா?" என்றார். அவருக்கு எப்போதும் கிண்டல். ஆனால் வேலை சுத்தம். கதவைப் பெரிதாக வெட்டி, ஓரமெல்லாம் ராவி, ஒரு அதிர்வு இல்லாமல் பொருத்திக் கொடுத்தார்.

தம்பி, அந்தச் சத்தம் இருக்கிறதே. மிருதங்கத்தில் விரல் படுவதும் உள்ளங்கை படுவதும் தனித்தனியாகக் கேட்டது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. வீட்டு வாசலில் காருக்குள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்திராணிக்குக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது. கண்ணாடியை முழுக்க இறக்கி, முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டுதான் வருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியிலிருந்தே மூக்கை அந்த நாலு விரல் இடைவெளிக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். பேசவில்லை. அவளுக்கும் பாட்டுப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போடியில் சாப்பிட்டோம், பேசினோம், மூன்று மணிக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை வாசல் கேட் அருகில் வந்து நின்றார். புது ஸ்பீக்கர் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் கேட்கட்டும் என்று பாட்டைப் போட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்குப் பிடித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

அந்த நேரம் மதி என் பக்கக் கதவுக்கு வந்தாள். இந்திராணி அந்தப் பக்கம் திரும்பி, சம்பந்தியம்மா இடைவெளி வழியாகக் கொடுத்த ஏலக்காய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்தாள். மதி குனிந்தாள். நான் கைப்பிடியைச் சுற்றினேன், கண்ணாடி நாலு விரல் இறங்கி இடித்து நின்றது. அவள் கண்ணாடியின் விளிம்பில் விரல்களை வைத்துக்கொண்டு, வாயை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து என்னவோ சொன்னாள். வாய் அசைந்தது. நீளமாக இல்லை, இரண்டு வாக்கியம் இருக்கும்.

நான், "சரிம்மா, சரிம்மா" என்றேன். "கையை எடும்மா, நசுங்கிரப் போகுது" என்றேன். எடுத்தாள். கிளம்பிவிட்டேன்.

தேனி வந்ததும் இந்திராணி கேட்டாள், மதி என்ன சொன்னாள் என்று. பார்த்து ஓட்டுங்கப்பா என்றாள் என்று சொன்னேன். பொய் என்று நினைக்காதீர்கள். கிளம்பும்போது பிள்ளைகள் வேறென்ன சொல்லும்? ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்வாள்.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது இடது ஸ்பீக்கரில் மெல்லிதாக ஒரு உதறல். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக இங்கே வந்துவிட்டேன். பாய் ஒரு திருகாணியை இறுக்கினார், உதறல் நின்றது. நிஜமாகவே நின்றதா என்று பார்க்க வேண்டுமல்லவா? கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன், பதினொரு மணிக்கு மதி கூப்பிட்டிருக்கிறாள். திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை இந்திராணி யாரிடமோ போனில் பேசிக்கொண்டே சமையல் கட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து, பையில் இரண்டு புடவையை வைத்தாள். எங்கே என்றேன். போடிக்கு என்றாள். இரு, காரை எடுக்கிறேன் என்றேன்.

"அந்தக் கார்ல நான் ஏற மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே மதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு இல்லை. திண்டுக்கல்லில் தன் தங்கச்சி வீட்டுக்கு. அங்கிருந்து எனக்குப் போன் செய்து சொன்னாள், மதி அன்றைக்கு ஜன்னலில் என்ன சொன்னாள் என்று.

"நாளைக்குக் காலையில வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா. பெட்டி கட்டி வைக்கிறேன்."

இதைத்தான் சொல்லியிருக்கிறாள். கூடத்தில் சொல்ல முடியாது. அடுப்படியில் மாமியார் இருப்பார். போனில் பேசினால் பக்கத்தில் ஆள் நிற்கும். அவளுக்குக் கிடைத்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். நான் என்ன சொன்னேன்? சரிம்மா, சரிம்மா.

திங்கட்கிழமை காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கே போகிறாய் என்று மாமியார் கேட்டதற்கு, அப்பா வருகிறார் என்றிருக்கிறாள். பத்து மணி. பதினொரு மணிக்கு எனக்குப் போன். அப்புறம் மத்தியானம். சாப்பிடவில்லை. கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தாளாம். சாயங்காலம் மாப்பிள்ளை கடையிலிருந்து வந்திருக்கிறார். பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவளிடம் நேராகப் பேசினாராம்.

"உங்கப்பா வரலையா?"

இதைச் சொல்லிவிட்டு இந்திராணி போனை வைக்கவில்லை, பேசவும் இல்லை. லைன் சுத்தமாக இருந்தது. ஒரு இரைச்சல் இல்லை.

எனக்குக் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்லு என்றேன். சொல்லிவிட்டேன் என்றாள். மதி நம்பவில்லையாம். அப்பாவுக்குக் கேட்காமல் இருக்காது, அவருக்கு எல்லாம் கேட்கும், கேட்டுவிட்டுத்தான் சரி என்றார், அப்புறம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் என்கிறாளாம். பாருங்கள், என் காதைப் பற்றி இத்தனை வருடம் நானே வீட்டில் சொல்லிச் சொல்லி வைத்தது. இப்போது அதை எப்படித் திரும்ப எடுப்பது?

இன்றைக்கு ஒன்பதாவது நாள். நான் கூப்பிட்டால் மதி எடுப்பதில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். இந்திராணியிடம், நான் வரட்டுமா என்று தினமும் கேட்கிறேன். மதி வரச் சொல்லும்வரைக்கும் வராதீர்கள் என்கிறாள். அவள் சொல்லவில்லை.

நேற்று நன்றாக யோசித்தேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டாள், சரி. நேரில் காட்டினால்? அதனால்தான் இன்றைக்கு ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். அதோ, அந்தச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறது பாருங்கள், அதுதான். திண்டுக்கல்லுக்கு எடுத்துப் போவேன். இந்தக் காந்தத்தைப் பாரும்மா, இதுதான் கண்ணாடியை மறித்தது என்று காட்டுவேன். காந்தத்தின் மேல் கண்ணாடி இடித்த தழும்பு இருக்கிறது, அதையும் காட்டுவேன். இப்போது கண்ணாடி முழுசாக இறங்கும், நீயே கைப்பிடியைச் சுற்றிப் பார் என்பேன். படித்த பெண், புரிந்துகொள்ள மாட்டாளா?

இதை இந்திராணியிடம் காலையில் போனில் சொன்னேன். "கேட்கலைன்னு நிரூபிச்சிட்டா நல்லவராயிருவீங்களா?" என்று கேட்டாள். அது என்ன கேள்வி? எனக்குப் புரியவில்லை தம்பி. கேட்டுவிட்டு வராமல் இருப்பது தப்பு. கேட்காததால் வராமல் இருப்பது வேறு. இரண்டும் ஒன்றா? நீங்கள் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்? உங்களுக்கும் ஒன்றாகத்தான் தெரிகிறதா?

சரி, விடுங்கள்.

இரண்டு கதவும் முடிந்துவிட்டது போலிருக்கிறது. பாய் கைப்பிடியைச் சுற்றுகிறார் பாருங்கள். இறங்குகிறது. முழுசாக இறங்கிவிட்டது. கதவில் அந்தப் பெரிய ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அட்டை வைத்து மூடட்டுமா என்று கேட்கிறார். இருக்கட்டும் பாய், அதையும் மதி பார்க்கட்டும்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் இங்கிருந்தே திண்டுக்கல்லுக்குத் திருப்பிவிடுவேன். ஒன்றரை மணி நேரம்தான். சொல்லாவிட்டால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் யாரும் இல்லை.

தம்பி, ஒரு உதவி கேட்கலாமா? உங்களைப் பார்த்தால் பொறுமையான ஆளாகத் தெரிகிறது. இவ்வளவு நேரம் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என் நம்பரைப் பார்த்தால் அவள் எடுக்க மாட்டாள். பாயின் நம்பரும் அவளுக்குத் தெரியும், முந்தாநாள் அதிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. உங்கள் போனிலிருந்து ஒரு தடவை கூப்பிடுகிறீர்களா? நான் சொல்லச் சொல்ல அழுத்துங்கள். ஆமாம். ஆமாம். கடைசியில் இரண்டு ஏழு. அவ்வளவுதான்.

பாய், அந்த டிரில்லைக் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரே ஒரு நிமிடம்.

மணி அடிக்கிறதா?

எடுத்துவிட்டாளா? இல்லை, இல்லை, என்னிடம் தராதீர்கள். என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலாயுதத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். காந்தத்தைப் பற்றியெல்லாம் வேண்டாம், அது அப்புறம். சொல்லிவிட்டீர்களா? இனி நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள் தம்பி. அவள் பேசட்டும். அவசரம் இல்லை. போனைக் காதோடு நன்றாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுகிறாளா?

என்ன சொல்கிறாள்?